குதித்தால் போதும்

அக்கா மகள்தான் இந்த விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு எனக்குக் கொடுத்த மடிக்கணினி விருதுநகரில் அக்கா வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேட்டரி செத்து வருஷங்களாகிவிட்டன, வயரைச் செருகியே வைத்திருந்தால் ஓடும். அதில் பிரவுசரைத் திறந்து, "சித்தி, ஒரே ஒரு பட்டன்தான். முள்ளு வந்தா குதிக்கணும். அவ்வளவுதான்" என்றாள். ஒரு சின்னச் சதுரம் இடமிருந்து வலமாக ஓடியது. நான் ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். சதுரம் முக்கோண முள்ளில் மோதிச் சிதறியது. அடுத்த நொடியே தொடக்கத்தில் வந்து நின்று மறுபடியும் ஓடத் தொடங்கியது. தலைக்கு மேல் 'அட்டெம்ப்ட் 2' என்று எழுதியிருந்தது.

ஜியாமெட்ரி டாஷ் 2013 ஆகஸ்டில் வந்தது. ராபர்ட் டோபாலா என்ற ஸ்வீடன்காரர் தனியாளாக உருவாக்கியது. பிரவுசரில் கிடைப்பவை பெரும்பாலும் அதைப் பார்த்து யாராவது செய்த நகல்கள். நான் ஆடியதும் அப்படி ஒன்றுதான். நகலானாலும் விதி மாறுவதில்லை. சதுரத்தின் வேகம் நம் கையில் இல்லை. நிறுத்த முடியாது, திரும்ப முடியாது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப முள்ளும் மேடையும் வரும். குதிப்பதா வேண்டாமா என்பது மட்டும் நம்முடையது. முதல் கட்டமான 'ஸ்டீரியோ மேட்னஸ்' மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான். அதை முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியதும் அந்த இலக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு சாவுக்கும் பாட்டு முதலிலிருந்து தொடங்குவதால், அதன் முதல் இருபது விநாடி எனக்கு எந்தச் சினிமாப் பாட்டையும்விட நன்றாகத் தெரியும்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. இந்த விளையாட்டைப் பார்த்ததும் எனக்குப் பட்டாசு ஆலை நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் வேலை, ஒரே அசைவு, ஒரு பிசகு, வெடிப்பு. இப்படி ஒரு கட்டுரையை மனசுக்குள் பாதி எழுதியும் விட்டேன். அக்கா மகளிடம் சொன்னபோது ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுல யாரும் சாகறது இல்லையே சித்தி" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்தப் பாதிக் கட்டுரையைத் தூக்கிப் போட்டேன். ஆனால் அவள் பதிலில்தான் விஷயம் இருக்கிறது என்று பிறகு தோன்றியது.

எங்கள் ஊர்களில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். எழுபதுகளின் நடுவில், விடியுமுன்னே ஊருக்குள் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மரச்சட்டத்தின் வரிப்பள்ளங்களில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்குவது அவள் வேலை. சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. குச்சி கோணலாக இருந்தால் அந்தச் சட்டம் கணக்கில் சேராது. அவள் விரல்களுக்கு ஒரு தாளம் இருந்தது. இன்றும் கீரை ஆயும்போது அது வரும். அந்தத் தாளத்தைப் போட்டது அவளல்ல, துண்டுக்கூலி. வேகமாக அடுக்கினால் கோணும், மெதுவாக அடுக்கினால் காசு குறையும். இரண்டுக்கும் இடையில் உள்ள மிகச் சிறிய இடத்தில் ஒரு சிறுமி ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தொழில்களில் சிறுவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது.

அவளுக்கு 'அட்டெம்ப்ட் 2' இருந்ததா? ஒருவகையில் இருந்தது. கோணிய சட்டத்தை உதறிவிட்டு மறுபடி அடுக்கலாம், கூலி இல்லாமல். விளையாட்டு தருவதும் அதே மறுபடிதான். ஒரே வித்தியாசம், அதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை, யாரும் திட்டுவதில்லை. பெண்ணுக்குத் தோற்கும் உரிமை என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. படிப்பில், வேலையில், கல்யாணத்தில், ஒரு குழம்பு வைப்பதில்கூட முதல் முறையே சரியாக வர வேண்டும். இந்தியப் பெண்கள் தெருவில் காரணமில்லாமல் நிற்கும் உரிமையைக் கோரி 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் 2011இல் வந்தது. எனக்கு அதோடு இதையும் சேர்க்கத் தோன்றுகிறது: காரணமில்லாமல் இருநூறு முறை தோற்கும் உரிமை.

இந்த விளையாட்டின் ஒரே வினைச்சொல் குதிப்பது. பாண்டி ஆடிய யாருக்கும் அது புதிதல்ல. தரையில் கரிக்கட்டையால் கட்டம் போட்டு, சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் தாவுவோம். கடைசிச் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்து "ரைட்டா?" என்று கேட்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் "ரைட்டு" என்பார்கள். நம் கண்ணை அவர்களிடம் கொடுத்துவிட்டு நடக்கிற ஆட்டம் அது. கோட்டை மிதித்தால் ஆட்டம் அடுத்தவளுக்குப் போகும். தட்டாங்கல்லிலும் அப்படித்தான், கல் தவறினால் கை மாறும். தோற்றவள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்தவள் எப்படி ஆடுகிறாள் என்று பார்க்கலாம். ஜியாமெட்ரி டாஷில் கை மாறுவதே இல்லை. தோற்றவளே உடனே மறுபடி ஓட வேண்டும். இந்த இடைவெளியின்மைதான் அதன் போதை. அதன் ஏழ்மையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் வயதுக்கு வந்த மறுமாதம் பாண்டி நின்றுபோனது. யாரும் தடை போடவில்லை, "இன்னுமா குதிச்சுக்கிட்டுத் திரியிற?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அம்மாவுக்கு அதற்கும் முன்பே நின்றிருக்கும், பஸ் வந்த அன்றைக்கு.

விளையாட்டின் இன்னொரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் யார் வேண்டுமானாலும் புதிய கட்டம் உருவாக்கி மற்றவர்களுக்கு வெளியிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வெளியிடுமுன் தான் போட்ட கட்டத்தைத் தானே ஒருமுறை முழுதாக ஆடி முடித்துக் காட்ட வேண்டும். முடியாத பாதையை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. 'வெரிஃபை' செய்வது என்கிறார்கள். இந்த ஒரு விதிக்காகவே இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை.

பட்டாசு அறைகளுக்கு விதி இல்லாமலில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. இரும்புக் கருவி கூடாது, செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது. உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எழுதியவர்கள் விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாளைக்கு இத்தனை உருப்படி என்று கணக்குப் போடுபவர், அதை உள்குத்தகைக்கு எடுத்து நான்கு பேர் அறையில் பத்துப் பேரை உட்கார வைப்பவர், அந்த அறையில் ஒரு நாள் உட்கார்ந்து அதே கணக்கை முடித்துக் காட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, புகையைக் கண்டு ஓடி வந்தவர்களும். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபது பேருக்கு மேல், அதில் பெண்கள் பலர். மறுநாள் பேப்பரில் வரும் வாக்கியம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மனப்பாடம்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து. இந்த 'ஏற்பட்டு' என்ற சொல்லைக் கவனியுங்கள். உராய்வு தானாக ஏற்படுகிறது. யாரும் அதை ஏற்படுத்துவதில்லை. அப்படியும் யாராவது வேண்டுமென்றால், கடைசியாக அந்த மருந்தைத் தொட்ட கை இருக்கிறது. அந்தக் கை பதில் சொல்ல வராது.

விளையாட்டிலும் குற்றம் விரலுடையதுதான். ஆனால் அங்கே அது நியாயம். இந்த வழியில் ஒருவர் ஏற்கெனவே போய் வந்திருக்கிறார், ஆகவே முடியும், ஆகவே தவறு என்னுடையது. இந்த 'ஆகவே'க்கு அடியில் ஒரு சான்று இருக்கிறது. 'அஜாக்கிரதை' என்று எழுதுகிற பேனாவுக்கு அப்படி ஒரு சான்று தேவைப்படுவதில்லை.

பயிற்சி முறை ஒன்றும் உண்டு. அதில் வழியில் பச்சை வைரக்கல் மாதிரி குறிகளை வைத்துக்கொண்டே போகலாம். செத்தால் கடைசிக் குறியிலிருந்து தொடங்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான். அக்கா மகளுக்கு அதில் இளக்காரம். "அது ஜெயிச்சதாவே சேராது சித்தி." எங்கிருந்து கற்றுக்கொண்டாள் இதை? விளையாட்டிடமிருந்துதான். பயிற்சியில் வழக்கமாகக் கட்டத்தின் சொந்தப் பாட்டு ஒலிக்காது, வேறு ஒரு பொதுப் பாட்டுத்தான். உதவி வாங்கினால் உன் பாட்டு உனக்குக் கிடையாது என்கிறது. இங்கே நான் விளையாட்டோடு சண்டை போடுவேன். பாண்டியில் "ரைட்டு" சொன்ன பிள்ளைகள் யாரும் என் வெற்றியிலிருந்து பங்கு கழித்ததில்லை.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, அம்மா அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணில் புரை எடுத்த பிறகு ஸ்கிரீனைக் கொஞ்சம் சாய்ந்துதான் பார்க்கிறாள். பேத்தி அவள் கையைப் பிடித்து ஸ்பேஸ் பாரில் வைத்தாள்.

"என்ன செய்யணும்?"

"முள்ளு வந்தா குதிக்கணும் அம்மாச்சி."

"குதிச்சாப் போதுமா?"

முதல் முள்ளிலேயே போனாள். இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது தடவை கையை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போல. பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. "கட்டை வீணாப் போச்சே, ஒண்ணும் பிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். அதற்குப் பிறகு அவள் எங்களைப் பார்க்கவில்லை. பத்தாவது தடவையில் முள்ளைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டு அழுத்தினாள். இரண்டு முள்ளைத் தாண்டினாள், மூன்றில் போனாள், சத்தமாகச் சிரித்தாள்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அக்கா எழுந்து போனாள். நாற்பத்தோராவது முயற்சியில் நான், "அம்மா, எனக்குக் குடு" என்றேன்.

"இரு தாயி" என்றாள். கையை எடுக்கவில்லை.