மாம்பழ விமரிசனம்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் விமரிசகர் அல்லாதவர் யாரும் இல்லை. நாவலைப் பற்றியோ சங்கீதத்தைப் பற்றியோ கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்று அடக்கமாக ஒதுங்கிக்கொள்ளும் மனிதர்கூட, மாம்பழத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். பங்கனபள்ளிக்கு ஈடு உண்டா என்கிறார் ஒருவர். இமாம் பசந்தைச் சாப்பிட்ட வாயால் வேறு பழத்தைத் தொடலாமா என்கிறார் திருச்சிக்காரர். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், கறுத்தக் கொழும்பானைச் சாப்பிடாதவர்களோடு இந்த விஷயத்தை விவாதிப்பதே வீண் என்று எண்ணி, புன்னகையோடு பேசாமல் இருந்துவிடுவார்.

நான் மல்கோவாக் கட்சி. இருபது வருஷமாக அந்தக் கட்சியின் பிரசாரகன் என்றே சொல்லலாம். மல்கோவா நாரில்லாத பழம். கைக்குக் கனமான பழம். மரம் கஞ்சத்தனமாகக் காய்ப்பதால் சுலபத்தில் கிடைக்காத பழம். அதனாலேயே விலை உயர்ந்த பழம். இத்தனை பெருமையும் சேர்ந்த ஒன்று உயர்ந்ததாக இல்லாமல் போகுமா என்பது என் வாதம். இவற்றில் நாக்குக்குச் சம்பந்தமான காரணம் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

சேலத்துக்குப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. ஒரு தடவை அவர் ஒரு கூடை நீலம் கொண்டுவந்து கொடுத்தார். "நீலமா? கொட்டைக்குள்ளே வண்டு இருக்குமே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வைகாசிக் கடைசியிலே தோப்புக்கு வாங்க. தோலைச் சீவி, துண்டு போட்டு, பேர் சொல்லாம வைக்கிறோம். நீங்களே மார்க்குப் போடுங்க" என்றார்.

போனேன். பரீட்சைக்கு ஏற்ற பருவந்தான் அது. பங்கனபள்ளி விடைபெற்றுக்கொண்டிருக்கும், மல்கோவாவும் இமாம் பசந்தும் நடுவயதில் இருக்கும், நீலம் அப்போதுதான் தலைகாட்டும். எல்லாம் தோப்பிலே பறித்து வைக்கோலில் பழுக்கவைத்தவை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடுத்திருந்தும் அந்த வழக்கம் அடியோடு ஒழிந்தபாடில்லை. அப்படி மஞ்சளேறிய பழத்தைத் தின்றுவிட்டு ஒரு ரகத்தையே குறை சொல்வது, அச்சுப்பிழை மலிந்த பதிப்பைப் படித்துவிட்டு ஆசிரியரைத் திட்டுவது போன்றது.

சிநேகிதரின் தாயார் உள்ளே உட்கார்ந்து நறுக்கினார். திண்ணைக்கு ஐந்து தட்டுகள் வந்தன.

முதல் தட்டு வாயில் பட்டவுடனே இனித்தது. புளிப்பு இல்லை, நார் இல்லை, சிக்கல் எதுவும் இல்லை. எந்தச் சுருதியில் தொடங்கியதோ அதே சுருதியில் முடிந்தது. "பங்கனபள்ளி" என்றேன். சரி என்றார். 2017-இல் ஆந்திரத்துக்கு உரியதென்று புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. சுலபமான பழம் என்று இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே சமயத்தில் பிடிப்பது சின்னக் காரியமல்ல. ஆனால் மூன்றாவது துண்டுக்குப் பிறகு அது புதிதாக எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது, வெண்ணெயாகக் கரைந்தது. இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. இமாம் பசந்த். இதையும் சரியாகச் சொன்னேன். தோல் மெலிசு, கதுப்பு குழைவு. கூடையில் நெடுந்தூரம் போனால் நசுங்கிவிடும். காய்க்கிற ஊருக்கே போய்ச் சாப்பிட்டால்தான் அதற்கு நியாயம் செய்தவர்களாவோம்.

மூன்றாவது தட்டில் கை நின்றுவிட்டது. கெட்டியான கதுப்பு, பல் பட்டதும் சாறு, முதலில் இனிப்பு, அப்புறம் ஒரு துளி புளிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் காரமான ஒரு மணம். "இதுதான் மல்கோவா, சந்தேகமே இல்லை" என்றேன். சிநேகிதர் பதில் சொல்லவில்லை.

நாலாவதும் கெட்டிதான், ஆனால் வாய் திறந்து பேசாத பழம். "யாரோ மல்கோவாவைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருக்கிறது" என்று ஹாஸ்யமாக ஒரு தீர்ப்பு வழங்கினேன். ஐந்தாவது, தட்டு வருமுன்பே மணம் வந்துவிட்டது. நீலம். சின்னப் பழம், பெரிய வாசனை. வீம்புக்காகக் குறைக்கப் பார்த்தேன். நாக்கு சம்மதிக்கவில்லை, அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தேன்.

தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நாலாவது தட்டுதான் தம்பி மல்கோவா. நீங்க மல்கோவான்னு சொன்னீங்களே, அது கிணத்தடி மரத்துப் பழம். அதுக்குப் பேரெல்லாம் கிடையாது."

"பெயரில்லாத பழமா, அம்மா?"

"பேரு தெரிஞ்சாத்தான் இனிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கு அது உண்மையிலேயே சந்தேகம்.

என் மானம் எவ்வளவு போயிற்று என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். காப்பியடித்த பழம் என்று நான் ஏசியது, இருபது வருஷமாக நான் கொண்டாடிய பழத்தையே. சிநேகிதர் இரக்கப்பட்டு, "அது இன்னும் ரெண்டு நாள் வைக்கோல்ல கிடந்திருக்கணும்" என்றார். இரண்டு நாள் தங்கி, மறுபடி சாப்பிட்டேன். மல்கோவா மல்கோவாதான், கட்சி மாற வேண்டியதில்லை. ஆனால் கட்சிக்கு நான் அதுவரை சொல்லிவந்த காரணங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கிணற்றடி மரத்தைப் போய்ப் பார்த்தேன். மல்கோவா தின்றவர் யாரோ எறிந்த கொட்டையிலிருந்து முளைத்ததாம். ஒட்டுக் கட்டிய கன்று தாய்மரத்தை அப்படியே பிரதி எடுக்கும். நம் பக்கத்து ரகங்களில் கொட்டையிலிருந்து முளைப்பது அப்படியல்ல. தாயின் குணம் பாதி, எந்தப் பூவிலிருந்தோ வந்த மகரந்தத்தின் குணம் பாதி. பெரும்பாலும் புளிப்பாகவும் நாராகவும் போய்விடும். எப்போதாவது ஒன்று இப்படி அமைந்துவிடும். இன்று பெயர் பெற்றிருக்கும் ரகங்களில் பலவும் ஒரு நாள் இப்படிப் பெயரில்லாமல் முளைத்து நின்றவைதான். வடக்கே புகழ்பெற்ற தசேரிக்குத் தாய்மரம், லக்னோவுக்கு அருகில் அதே பெயருள்ள கிராமத்தில் நிற்கும் ஒற்றை மரம்.

"அடுத்த வருஷம் இதை வெட்டிடலாம்னு இருக்கேன்" என்றார் சிநேகிதர். தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர், பெயர் இல்லாத பழத்துக்கு விலை வைப்பதில்லை. ஊறுகாய்க்கு என்று கழித்துத்தான் எடுக்கிறார். அந்த இடத்தில் நாலு கிளிமூக்குக் கன்று வைத்தால், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகும், பணம் வரும்.

கிளிமூக்கின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. சென்னைக் கடற்கரையில் அதைப் பூப்போலக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கும்போது, எந்த மல்கோவாவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பழுத்த பிறகுதான் அது சாதாரணம். காயாக இருந்து ஜயிப்பதற்கென்றே பிறந்ததைப் பழத்தின் அளவுகோலால் அளப்பது நியாயமல்ல. நீலத்துக்கும் நான் இதே அநியாயத்தைத்தான் செய்தேன். வண்டைப் பார்த்தேனே தவிர, வருஷம் தவறாமல் காய்க்கும் அதன் குணத்தைப் பார்க்கவில்லை. டில்லி விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் அதைப் பார்த்தார்கள். ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும் தசேரியோடு நீலத்தைச் சேர்த்து, 1970-களில் மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரு ரகங்களைத் தந்தார்கள்.

ஆனால் குத்தகைக்காரரின் விமரிசனம் மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க விவசாய இலாகா 1889-இல் இந்தியாவிலிருந்து வரவழைத்த ஒட்டுக்கன்றுகளில் மல்கோவாவின் பெயரைத் தாங்கியதும் ஒன்று. அது புளோரிடாவில் வேரூன்றியது. அதன் கொட்டைகளை 1902-இல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற காப்டன் ஒருவர் நட்டார். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். மனைவி மரங்களைக் காப்பாற்றினார். 1910-இல் ஒரு மரம் சிவந்த கன்னத்தோடு அருமையான பழம் கொடுத்தது. அதற்கு ஹேடன் என்றே பெயர் வைத்தார்கள். இதுவரை கதை மங்களமாகவே நடக்கிறது. அந்த ஹேடனின் கொட்டையிலிருந்து பிற்பாடு முளைத்ததுதான் டாமி அட்கின்ஸ். அங்கே பழங்களைத் தரம் பார்க்கும் சபை, சுவையில் சாதாரணம் என்று அதைத் தள்ளியது. விவசாயிகளோ, பார்க்கச் சிவப்பு, நெடுநாள் கெடாது, எவ்வளவு தூரம் அனுப்பினாலும் நசுங்காது என்று ஏராளமாக நட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் வெகுகாலம் மாம்பழம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

எல்லாப் பழமும் நல்ல பழமே என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அது விமரிசனமல்ல, உபசாரம். அன்று அந்தத் திண்ணையில் முதல் இடம் கிணற்றடி மரத்துக்குத்தான். நன்றாகப் பழுத்த மல்கோவாவையும் அருகில் வைத்துப் பார்த்தபின்பே இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தட்டில், "பெயரில்லாத கொட்டை மரம்" என்று முன்னாலேயே சீட்டு ஒட்டி வைத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். "பரவாயில்லை, ஊறுகாய்க்கு ஆகும்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஊர் பேர் தெரியாத இளைஞர்கள் அனுப்பிய எத்தனை புத்தகங்களை முதல் அட்டையைப் பார்த்துவிட்டே அலமாரியில் செருகியிருக்கிறேன் என்று ரயிலில் திரும்பும்போது எண்ணத் தொடங்கினேன். பாதி வழியிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

புறப்படும்போது சிநேகிதரிடம், வெட்டுவதற்கு முன் அந்த மரத்திலிருந்து பத்து ஒட்டாவது கட்டி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். "கட்டலாம். கன்னை யார் வாங்குவாங்க? என்ன பேர் சொல்லி விக்கிறது?" என்றார். எனக்கு இரண்டு கன்று வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் வீட்டில் இருப்பது ஒரு முற்றமும் நாலு தொட்டியுந்தான். எங்கே நடுவது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.