பஃபலோவின் வீரர்கள், பிறருடைய கோப்பைகள்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் மறுகட்டமைப்பு என்று சொல்லப்படுவது, ஓர் அணி தன்னிடமுள்ள மூத்த, விலையுயர்ந்த வீரர்களைக் கைமாற்றிவிட்டு, அவர்களுக்கு ஈடாக இளைஞர்களையும் எதிர்கால ஆண்டுகளில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும் பெற்று, சில ஆண்டுகள் தோற்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பின்னர் வலுவோடு எழுவதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடாகும். இத்தகைய முயற்சி தோற்கும்போது, தேர்ந்தெடுத்த இளைஞர்கள் எதிர்பார்த்த தரத்துக்கு வளரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாகக் கூறப்படுகிறது. 2011இன் வசந்தத்தில் கடைசியாகப் பிளே-ஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்றில் ஆடிய பஃபலோ சேபர்ஸ் அணி, 2024–25 பருவம் முடிய தொடர்ந்து 14 பருவங்கள் அச்சுற்றை எட்டாமல் லீகின் வரலாற்றிலேயே மிக நீண்ட வறட்சியைச் சந்தித்தது. எனினும் அவ்வணியின் கதை இந்த வழக்கமான விளக்கத்துக்கு நேர்மாறானது. பஃபலோ பெரும்பாலும் சரியானவர்களையே தேர்ந்தெடுத்தது. அவர்கள் வென்றார்கள், ஆனால் வேறு ஊர்களில்.

இதற்கு 2023ஆம் ஆண்டில் லீகின் வாகையர் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு நடந்த இறுதித் தொடரைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒருபுறம் ஆடிய வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணியின் முதன்மையான நடு முன்கள வீரர், ஒருகாலத்தில் பஃபலோவின் அணித்தலைவராக இருந்த ஜாக் ஐக்கல். அந்த ஆண்டு வெளியேற்றுச் சுற்றுகளில் 26 புள்ளிகளோடு, அதாவது கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்த கணக்கில், அனைவருக்கும் முன்னே நின்றவரும் அவரே. மறுபுறம் ஆடிய ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணியில், 2021இல் பஃபலோ விற்றுவிட்ட சாம் ரைன்ஹார்ட்டும் பிராண்டன் மொன்டூரும் இருந்தனர். அதைவிடக் கசப்பானது, அதே பருவத்தில் அணிகளின் பட்டியலில் ஃபுளோரிடா 92 புள்ளிகளோடு வெளியேற்றுச் சுற்றுக்குள் கடைசி ஆளாக நுழைய, பஃபலோ 91 புள்ளிகளோடு வாசலிலேயே நின்றுவிட்டது என்பதாகும். அடுத்த ஆண்டு, எட்மன்டன் ஆய்லர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவுக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்த கோலை அடித்தவர் ரைன்ஹார்ட். 2025இல் அதே எதிரணியோடு நடந்த இறுதித் தொடரை முடித்துவைத்த ஆறாவது ஆட்டத்தில் அவர் தனியொருவராக நான்கு கோல்கள் அடித்தார்.

இப்படி நேர்ந்ததைப் புரிந்துகொள்ள, தோல்விக்குப் பரிசளிக்கும் லீகின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிய வேண்டும். டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில், பெரும்பாலும் 18 வயதான வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. பணம் கொடுத்து வாங்கும் ஏலமன்று இது, பட்டியலில் தாழ்ந்திருக்கும் அணிக்கே முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க முதலிடங்கள் குலுக்கலால் தீர்மானிக்கப்பட்டாலும், கடைசியாக முடிக்கும் அணிக்கே வாய்ப்பு அதிகம். ஓர் அணி ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு 2005 முதல் உச்சவரம்பு உண்டு என்பதால், மூன்றாண்டு அறிமுக ஒப்பந்தத்தில் குறைந்த ஊதியத்துக்கு ஆடும் சிறந்த இளைஞர் ஒருவர் அணிக்கு இரட்டை இலாபம். ஆகவே பாதாளத்துக்கே போய்விடுவது நடுவில் தத்தளிப்பதைவிட நல்லது என்ற கணக்கு பல நிர்வாகிகளை ஈர்த்தது. பஃபலோ அந்தக் கணக்கை மற்றெவரையும்விட வெளிப்படையாகப் போட்டுப்பார்த்தது.

இயற்கை எரிவாயுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய டெர்ரி பெகுலா 2011 பிப்ரவரியில் அணியை வாங்கியபோது, ஸ்டான்லி கோப்பையே அணியின் இலக்கு என்று அறிவித்தார். 1970இல் லீகில் சேர்ந்து, 1975இலும் 1999இலும் இறுதித் தொடர் வரை சென்று இரு முறையும் தோற்ற அணிக்கு அது நியாயமான ஆசைதான். இரண்டே ஆண்டுகளில் போக்கு மாறியது. 1997 முதல் பயிற்சியாளராக இருந்த லிண்டி ரஃப் 2013 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். வீரர்களை வாங்கவும் விற்கவும் அதிகாரமுள்ள பொது மேலாளர் டார்சி ரெஜியர், ரசிகர்கள் கொஞ்சக் காலம் அவதிப்பட நேரிடலாம் என்று எச்சரித்து, அந்த ஆண்டு நவம்பரில் தாமும் பதவியிழந்தார். அவருக்குப்பின் வந்த டிம் மரே, அணியின் தூணாக இருந்த கோல்காப்பாளர் ரயன் மில்லரை 2014 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார். 2013–14 பருவத்தை 52 புள்ளிகளோடு பஃபலோ கடைசியாக முடித்தது. வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி என்று 82 ஆட்டங்களில் 164 புள்ளிகள் பெறக்கூடிய லீகில், இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த பருவத்தில் 54 புள்ளிகள், மீண்டும் கடைசி இடம். இரு பருவங்களிலும் அணியின் கோல்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டைக்கூட எட்டவில்லை.

அந்த இரண்டாம் பருவத்தின் முடிவில் காத்திருந்த பரிசு சாதாரணமானதன்று. கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல் என்று தலைமுறைக்கு ஒருவராகக் கருதப்பட்ட இருவர் ஒரே ஆண்டில் தேர்வுக்கு வந்தனர்; கடைசியாக முடிக்கும் அணிக்கு இருவரில் ஒருவர் உறுதி. மரே 2015 பிப்ரவரி–மார்ச்சில் தம்மிடமிருந்த இரு கோல்காப்பாளர்களையும், யோனாஸ் என்ரோத், மிக்கால் நொய்விர்த் ஆகியோரை, அடுத்தடுத்து விற்றார். பதிலாக வந்த ஆண்டர்ஸ் லின்ட்பேக் எதிர்பார்ப்புக்கு மாறாக நன்றாகவே தடுத்தது வேறு வேடிக்கை. மார்ச் 26 அன்று, பட்டியலில் பஃபலோவோடு அடிமட்டத்துக்குப் போட்டியிட்ட ஆரிசோனா கயோட்டிஸ் அணி பஃபலோவின் அரங்கிலேயே வந்து ஆடியபோது, கூடுதல் நேரத்தில் சாம் காக்னர் அடித்த வெற்றிக் கோலுக்கு உள்ளூர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆரவாரித்தனர். தம் சொந்த அரங்கில் தம் தோல்விக்குக் கைதட்டல் கேட்ட வீரர்கள் மனமுடைந்து பேசினார்கள். ரசிகர்களைக் குறை சொல்வதற்கில்லை. நிர்வாகம் போட்ட கணக்கை அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள் என்பதே உண்மை. ஆனால் தோல்வியை ஒரு கருவியாகப் பயன்படுத்தும் அணி, அதைக் களத்தில் சுமக்கும் இருபது பேரின் தொழில்மனத்தையும் அதே கருவியால் தேய்க்கிறது என்பது அந்தக் கணக்கில் எங்கும் சேர்க்கப்படவில்லை.

குலுக்கலில் 20 சதவீத வாய்ப்பு பஃபலோவுக்கு இருந்தும், 11.5 சதவீதமே வாய்ப்பிருந்த எட்மன்டன் வென்று மெக்டேவிட்டை எடுத்துக்கொண்டது. பஃபலோவுக்கு ஐக்கல் கிடைத்தார். முந்தைய ஆண்டு இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட ரைன்ஹார்ட் ஏற்கெனவே இருந்தார். அதே கோடையில் மரே கொலராடோவிலிருந்து ரயன் ஓரைலியை வாங்கினார். சில மாதங்களுக்கு முன்பே எவாண்டர் கேனை வின்னிபெக்கிலிருந்து பெற்றிருந்தார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே தவறான முடிவல்ல. ஆயினும் ஒவ்வொரு வாங்கலுக்கும் அணி கொடுத்த விலையில் பெரும்பகுதி, ஆட்டவாழ்வின் நடுவில் நடுத்தரத் திறனுடைய ஆட்டக்காரர்களும், அப்படி ஆகக்கூடிய இளைஞர்களும்தான்.

இந்த இழப்பின் பொருள் ஐஸ் ஹாக்கியின் ஆட்டமுறை அறிந்தவர்களுக்கே முழுமையாக விளங்கும். ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 12 முன்கள வீரர்களும் 6 பின்கள வீரர்களும் இரு கோல்காப்பாளர்களும் அணியில் இடம்பெறுகின்றனர். முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளாகப் பிரிந்து, ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறிப் பனித்தளத்தில் இறங்குகின்றனர். ஆகவே மிகச் சிறந்த முன்கள வீரரும் 60 நிமிட ஆட்டத்தில் 20 நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதலாக, ஆடுவார். ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் தோளில் சுமக்க முடியும். ஹாக்கியில் மீதி 40 நிமிடங்களை இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிசைகளே காப்பாற்ற வேண்டும். பக் எனப்படும் ரப்பர் வட்டைத் தன் எல்லையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவருவது, எதிரணியின் சிறந்த வரிசையைக் கோலடிக்க விடாமல் அடக்குவது போன்ற பெயரெடுக்காத வேலைகளை அந்த வரிசைகள்தாம் செய்கின்றன. புதிய இளைஞர்கள் அவற்றைக் கற்பதும் அவர்களிடமிருந்துதான். பஃபலோ கூரைக்கு நல்ல ஓடு வாங்கிச் சுவருக்குச் செங்கல் மறந்த வீடாக நின்றது.

2017 ஏப்ரலில் மரேயும் பயிற்சியாளர் டான் பைல்ஸ்மாவும் நீக்கப்பட்டனர். ஜேசன் பாட்டரில் பொது மேலாளராகவும், ஃபில் ஹௌஸ்லி பயிற்சியாளராகவும் வந்தனர். 2017–18இல் அணி 62 புள்ளிகளோடு மீண்டும் கடைசி. அந்தப் பருவம் முடிந்தபோது, தோல்வி பழகிப்போய், ஆட்டத்தின்மீதான தம் காதலே அவ்வப்போது குன்றியதாக ஓரைலி வெளிப்படையாகச் சொன்னார். அதை ஒரு நோயறிகுறியாக எடுத்துக்கொள்ளாமல், சொன்னவரை விற்பதே நிர்வாகத்தின் மறுமொழியாக இருந்தது. 2018 ஜூலை முதல் நாள் செயின்ட் லூயிஸுக்குச் சென்ற ஓரைலி, அடுத்த ஜூனில் அவ்வணி தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது வெளியேற்றுச் சுற்றுகளின் மிகச் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றார்.

குலுக்கல் 2018இல் கைகொடுத்து ஸ்வீடனின் பின்கள வீரர் ராஸ்மஸ் டாலினைத் தந்தது. நல்ல பின்கள வீரர் முதிர முன்கள வீரரைவிடக் காலம் பிடிக்கும் என்பது இவ்விளையாட்டில் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் காலத்தைத் தருவதற்கு ஆளில்லை. ஹௌஸ்லி இரு பருவங்களில் போனார். 2020 ஜூனில் பாட்டரிலோடு இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், இளம் திறனைத் தேடிக் கண்டுபிடிப்போர் பலர் உட்பட, ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். பொது மேலாளராக முன்னனுபவம் இல்லாத கெவின் ஆடம்ஸ் அப்பொறுப்புக்கு வந்தார். 2020–21இல் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் வெற்றியே காணாமல், பயிற்சியாளர் ரால்ஃப் க்ரூகரையும் இடையில் நீக்கி, எட்டு ஆண்டுகளில் நான்காவது முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அந்தப் பருவத்திலேயே கழுத்து முதுகெலும்பின் வட்டு பிதுங்கிய ஐக்கல், எலும்புகளை இணைக்கும் அறுவையை அணி மருத்துவர்கள் வலியுறுத்த, செயற்கை வட்டு பொருத்தும் அறுவையே தமக்கு வேண்டுமென்றார். இறுதிச் சொல் அணிக்கே என்று தொழில் ஒப்பந்தம் சொன்னது. மாதக்கணக்கில் நீண்ட பிணக்கில் அவர் தலைமைப் பொறுப்பை இழந்து, 2021 நவம்பரில் வேகஸுக்குப் போய், விரும்பிய அறுவையைச் செய்துகொண்டு, 19 மாதங்களில் கோப்பையைத் தூக்கினார். ஓர் அணி தன் முதன்மை வீரரை இதைவிடச் செலவு மிகுந்த முறையில் இழப்பது அரிது.

இதற்கு எதிராக நிறுத்தத்தக்கது கொலராடோ அவலாஞ்ச். 2016–17இல் அது எடுத்தது வெறும் 48 புள்ளிகள், பஃபலோவின் மிக மோசமான முழுப் பருவத்தைவிடவும் குறைவு. குலுக்கலும் கைவிட்டு நான்காம் இடத்துக்குத் தள்ளியது. அந்த இடத்தில் கேல் மகார் என்ற பின்கள வீரரை எடுத்தார்கள். பொது மேலாளர் ஜோ சாகிக் மாற்றப்படவில்லை. முதல் ஆண்டிலேயே இந்த அவமானத்தைச் சந்தித்த பயிற்சியாளர் ஜாரெட் பெட்னாரும் மாற்றப்படவில்லை. அணியிலிருந்து விலக விரும்பிய மேட் டூஷேனை விற்க, கேட்ட விலை கிடைக்கும்வரை சாகிக் 2017 நவம்பர் வரை காத்திருந்து, சாமுவேல் ஜிரார்டையும், பின்னாளில் போவன் பைரமாக மாறிய தேர்வு உரிமையையும் பெற்றார். 2022இல் கோப்பை வந்தது. அவ்வெற்றியில் பங்காற்றிய ஜே.டி. காம்பர், பஃபலோ ஓரைலிக்காகக் கொடுத்த இளைஞர்களில் ஒருவர். கொலராடோவிடம் நேதன் மெக்கின்னன் போன்ற நட்சத்திர வீரர் ஒருவர் முன்பே இருந்தார் என்பது மறுக்க முடியாதது. எனவே நிலைத்த நிர்வாகமே எல்லாவற்றையும் செய்ததென்று சொல்வது மிகை. ஆனால் அடித்தளம் இருந்தும் கலைத்துவிடும் அணிகள் உண்டு என்பதற்குப் பஃபலோவே போதும்.

ஆடம்ஸின் காலத்தில் நல்லவை நடக்காமலில்லை. ஓரைலிக்கு ஈடாக வந்த டேஜ் தாம்சனை, பயிற்சியாளர் டான் கிரனாட்டோ ஓரத்திலிருந்து நடு முன்களத்துக்கு மாற்றியதும் அவர் வேறொரு ஆட்டக்காரராகி, 2022–23இல் 47 கோல்கள் அடித்தார். 91 புள்ளிகள் பெற்ற அப்பருவம்தான் மறுகட்டமைப்பு பலன் தரப்போகிறது என்று நம்பவைத்தது. பிறகு 84, பிறகு 79. கிரனாட்டோ போய், 2024இல் லிண்டி ரஃப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அவருடைய முதல் பருவத்திலேயே அணி தொடர்ந்து 13 ஆட்டங்களில் தோற்றது. 2024 டிசம்பரில், பனைமரங்களற்ற குளிர்ந்த ஊருக்கும் நியூயார்க் மாநில வரிக்கும் வீரர்களை ஈர்ப்பது கடினம் என்னும் பொருளில் ஆடம்ஸ் பேச, ரசிகர்கள் காற்றடைத்த பனைமரங்களோடு அரங்குக்கு வந்தனர். ஆடம்ஸ் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் வின்னிபெக்கிலும் பனைமரம் கிடையாது, அவ்வணி அதே பருவத்தில் லீகின் பட்டியலில் முதலிடம் பெற்றது.

2025இல் நடந்த இரு கைமாற்றங்கள் இன்னும் கவனிக்கத்தக்கவை. மார்ச்சில் டிலன் கோசன்ஸ் ஆட்டவாவுக்கு அனுப்பப்பட்டார்; பஃபலோவில் ஒருமுறைகூட வெளியேற்றுச் சுற்றில் ஆடாதவர் அடுத்த மாதமே ஆட்டவாவோடு அதில் ஆடினார். ஜூனில், 68 புள்ளிகள் எடுத்திருந்த 23 வயது முன்கள வீரர் ஜே.ஜே. பீட்டர்காவை யூட்டாவுக்குக் கொடுத்து, பின்கள வீரர் மைக்கேல் கெசல்ரிங்கும் முன்கள வீரர் ஜோஷ் டோனும் பெறப்பட்டனர். இவ்விரு பேரங்களிலும் திறன்மிக்க இளைஞர் வெளியேறினார் என்பது பழைய கதைதான். ஆனால் ஐக்கலுக்கும் ரைன்ஹார்ட்டுக்கும் ஈடாக முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளை வாங்கிய நிர்வாகம், இம்முறை அவற்றை முதன்மையாகக் கேட்காமல், உடனே களமிறங்கி நடு வரிசைகளை நிரப்பக்கூடியவர்களைக் கேட்டது. பத்தாண்டுகளுக்கு முன் மரே அள்ளிக்கொடுத்த வகை ஆட்டக்காரர்களை, 2025இல் ஆடம்ஸ் ஒரு நட்சத்திரத்தின் விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்.