கைந்நூலின் வாசகர் யார்?
யூனிக்ஸ் மரபின் கட்டளைக் கைந்நூலும் வன்னி மாணவரும்: ஒரு திறனாய்வுக் குறிப்பு

ஓர் ஆக்கம் யாருக்காக எழுதப்பட்டது என்ற வினாவை நமது முற்போக்குத் திறனாய்வாளர் இலக்கியத்தை நோக்கி இடையறாது எழுப்பி வந்துள்ளனர். தொழினுட்ப எழுத்தை நோக்கி அவ்வினாவை நாம் எழுப்பியது அரிது. கணினியின் பணிசெயல் முறைமையை இயக்கக் கற்கும் தொடக்கநிலை மாணவருக்கு வழங்கப்படும் கைந்நூலும் ஓர் எழுத்தாக்கமே. அவ்வகையில் லினக்ஸ் முறைமையின் கட்டளைக் கைந்நூலை இங்கு நோக்குவோம்.

இந்நோக்குக்கு வன்னிப் பெருநிலப்பரப்புத் தக்கதொரு களமாகும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்தரம் வரை தமிழ்மொழிமூலம் கற்ற மாணவர் இங்கு ஆங்கிலமொழிமூலக் கல்விக்குள் நுழைகின்றனர். 2009 மே வரை நீடித்த போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்களில், கணினி பழகிய மூத்தவரைக் காண்பது எளிதன்று. ஐயம் எழுமிடத்துக் கேட்டறிய அருகில் ஆளில்லாத மாணவருக்குக் கைந்நூலே ஆசான்.

அவ்வாசான் எவ்வாறு பேசுகின்றார்? கோப்புகளை அழிக்கும் 'ஆர்.எம்.' என்ற கட்டளைக்குரிய பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே கட்டளையின் வடிவம் சதுர அடைப்புக்குறிகளோடும் முப்புள்ளிகளோடும் தரப்படுகின்றது. அடைப்புக்குள் இருப்பது வேண்டின் மட்டும் இடத்தக்கது, முப்புள்ளி பெற்றது பலமுறை வரத்தக்கது என்ற விளக்கம் அப்பக்கத்தில் இல்லை. அடைப்புக்குறியையும் சேர்த்தே தட்டச்சுச் செய்து திகைத்து நிற்கும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். அங்குள்ள ஒரே எடுத்துக்காட்டு, சிறுகோட்டுக் குறியில் தொடங்கும் பெயருடைய கோப்பினை அழிப்பது பற்றியதாகும். சாதாரணக் கோப்பொன்றை அழித்தற்கு எடுத்துக்காட்டு இல்லை. அரிதான சிக்கல் விளக்கம் பெற, அன்றாடத் தேவை முன்னரே அறியப்பட்டதாகக் கொள்ளப்படுகின்றது.

இதனினும் பாரதூரமானது ஒன்றுண்டு. இக்கட்டளையால் அழிக்கப்படும் கோப்பு, குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. அதனை எளிதில் மீட்கவும் வழியில்லை. தொடக்கநிலையினர் முதலில் அறியவேண்டியது இதுவே. பக்கமோ தெரிவுகளை எல்லாம் அடுக்கிய பின்னர், போதிய திறமையும் காலமும் உடையோர் அழித்தவற்றிற் சிலவற்றை மீட்கக்கூடும் என்றும், முற்றாக அழிக்க விழைவோர் வேறொரு கட்டளையை நாடலாம் என்றும் கூறி அமைகின்றது. இரகசியம் பேணுவோரை மனங்கொண்டு எழுதப்பட்ட இக்குறிப்பு, தன் ஒப்படைகள் அனைத்தையும் ஒரு வரியில் இழக்கவிருக்கும் மாணவியை நினைக்கவில்லை.

இக்குறைபாட்டுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. இக்கைந்நூலின் வடிவம், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1971 நவம்பர் 3ஆந் திகதியிட்டு வெளியிட்ட யூனிக்ஸ் கைந்நூலின் வழிவந்தது. அம்முதற் பதிப்பின் பக்கங்களில் கட்டளைக்குப் பொறுப்பானவரின் பெயர்க்குறிப்பும் இடம்பெற்றது. விளங்காதவர் அவரிடமே கேட்டறியலாம். அறிந்த வழுக்களையும் அந்நூல் மறையாது பதிந்தது. சுருக்கமும் நேர்மையும் அதன் சிறப்புகள் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அச்சுருக்கம், ஒரே கூடத்திற் பணியாற்றியோரிடையே நிலவிய உறவின்மேல் எழுந்தது. எழுத்துக் கடல்கடந்து அறிவியல் நகர்வரை வந்தபோது அவ்வுறவு உடன்வரவில்லை.

மொழிபெயர்ப்பு ஒன்றே இதற்குத் தீர்வாகுமா? இலங்கைப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்பதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இயக்க அமைப்பு' என்கின்றன. 'இயங்குதளம்' என்ற வழக்கும் உண்டு. சொற்களை ஒழுங்குபடுத்தல் பயனுடையதே. எனினும் எடுத்துக்காட்டற்ற பக்கத்தை அவ்வாறே தமிழாக்கின், அதே மயக்கம் தமிழிற் கிட்டும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் நூல்களைத் தமிழாக்கியதுடன் அமையவில்லை. கலைச்சொற்களைத் தொகுத்தார், மாணவர் முன் நின்று கற்பித்தார். நூலுக்கும் கற்போருக்கும் இடையில் ஒருவர் இருந்தார் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கைந்நூல் பார்வைநூலேயன்றிப் பாடநூலன்று என்பர் சிலர். இக்கூற்று ஏற்கத்தக்கதே. ஆனாற் பாடநூல் இல்லாதவிடத்துப் பார்வைநூலைக் கையளித்துவிட்டு, விளங்காமைக்கு மாணவரைப் பொறுப்பாளியாக்குதல் நீதியன்று. 2013இல் தொடங்கப்பெற்ற 'டி.எல்.டி.ஆர்.' பக்கங்கள் எடுத்துக்காட்டுகளையே முதன்மைப்படுத்துகின்றன. தன்னார்வலர் எழுதும் அவற்றுள் தமிழ்ப் பக்கங்களும் உள. இவ்வழியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மூத்த மாணவர் முனைதல் வேண்டும். எழுதிய பக்கத்தைப் புதிதாய் வந்த மாணவரிடம் கொடுத்து, அவர் எவ்விடத்தில் தடைப்படுகின்றார் என அருகிருந்து நோக்கி, அவ்விடத்தைத் திருத்தி எழுதுதலே முறை. விளங்கவில்லை என்று கூறும் மாணவரே கைந்நூலின் முதற் திறனாய்வாளர். அவர் கூற்றைச் செவிமடுக்காதவரை, வன்னியில் நிறுவப்படும் கணினிக்கூடங்கள் ஏற்கெனவே அறிந்தோருக்கு மட்டுமே பயன்படும்.