வேக்கோ முற்றுகை: ஓர் ஆவணப்படத்தின் சான்றும் பயனும்

1993இல் டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகருக்கு அருகில், டேவிட் கொரேஷ் தலைமையிலான பிராஞ்ச் டேவிடியன் சமயக் குழுவினரை அமெரிக்க அரசு 51 நாள் முற்றுகையிட்டது. ஏப்ரல் 19ஆம் நாள் மூண்ட தீயில் முற்றுகை முடிந்தது. குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். வில்லியம் கசெக்கி இயக்கிய 'வேக்கோ: தி ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட்' (1997) இந்நிகழ்வை ஆராய்கின்றது. அகச்சிவப்புப் பதிவில் தோன்றும் ஒளிக்கீற்றுகளை அரசுத் தரப்பின் துப்பாக்கிச் சூடு என்று அது வாதிடுகின்றது. 2000இல் வெளிவந்த டான்ஃபோர்த் அறிக்கையோ, அவை சிதறிய பொருள்களின் எதிரொளிப்பே என முடிவு செய்தது. எனவே, படத்தின் மையக் குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், நாடாளுமன்ற விசாரணையில் அதிகாரிகள் கூறியதையும் முற்றுகைக்குள் இருந்தோரின் குரலையும் அருகருகே வைத்துக் காட்டியமை இப்படத்தின் நிலைத்த பயனாகும். மாண்டோரை மதவெறியர் என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்து செல்ல அது நம்மை விடுவதில்லை. மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், அவ்வறிக்கையையும் உடன் வைத்தே கற்பித்தல் வேண்டும்.