வரைபடத்திலிருந்து நிழற்படத்துக்கு: அவுஸ்திரேலிய வீட்டு வடிவமைப்புச் சஞ்சிகைகளின் தேய்வும் புலம்பெயர் தமிழர் இல்லமும்

முன்னுரை

தமிழில் 'அகம்' என்னும் சொல் உள்ளத்தையும் வீட்டையும் ஒருங்கே குறிக்கும். ஆயினும் தமிழாய்வு முதற்பொருளில் ஊன்றிய அளவுக்கு இரண்டாவதில் ஊன்றவில்லை. புலம்பெயர் இலக்கிய ஆய்வுகளில் வீடு பெரும்பாலும் இழந்த ஊரின் குறியீடாகவே இடம்பெறுகிறது. சிட்னியிலும் மெல்பேணிலும் தமிழர் வாங்கிய, கட்டிய, மாற்றியமைத்த வீடு தனி ஆய்வுப்பொருளாவது அரிது. அத்தகைய ஆய்வுக்குத் துணைநிற்கக்கூடிய சான்றுகளுள் அந்நாட்டின் வீட்டு வடிவமைப்புச் சஞ்சிகைகளும் அடங்கும். ஏறத்தாழ நூறாண்டு வரலாறுடைய அச்சஞ்சிகைகள் இன்று தேய்ந்து வருகின்றன. அத்தேய்வில் இழக்கப்படுவது எது, தமிழரைப் பொறுத்தவரை அவ்விழப்பின் பொருள் யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சுவையும் அறிவும்: இரு மரபுகள்

அவுஸ்திரேலிய வீட்டுச் சஞ்சிகைகளின் தொடக்கத்தில் இரு போக்குகளைக் காணலாம். சிட்னியில் 1920 இல் சிட்னி யூர் ஸ்மித் தொடங்கிய 'தி ஹோம்' முதற்போக்குக்கு எடுத்துக்காட்டு. தியா புரொக்டர் முதலிய ஓவியர்களின் அட்டைப்படங்களோடு வெளிவந்த அவ்விதழ், வசதிபடைத்தோரின் சுவையைச் செம்மைப்படுத்துவதைத் தன் பணியாகக் கொண்டது. 1942 இல் நின்றது. இரண்டாம் போக்கு மெல்பேணில் வளர்ந்தது. 1922 இல் 'அவுஸ்திரேலியன் ஹோம் பில்டர்' என்ற பெயரில் வந்த இதழ் 1925 இல் 'அவுஸ்திரேலியன் ஹோம் பியூட்டிஃபுல்' ஆயிற்று. பெயரில் கட்டுநரின் இடத்தை அழகு பிடித்துக்கொண்டபோதும், கட்டும் அறிவு அதன் பக்கங்களில் நெடுங்காலம் நிலைத்தது. 1948 டிசம்பரில் பெரில் கேர்ட்னரை ஆசிரியராகக் கொண்டு சிட்னியில் தோன்றிய 'அவுஸ்திரேலியன் ஹவுஸ் அண்ட் கார்டன்' அவ்வறிவை மேலும் பரப்பியது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வீடுகளுக்கும் கட்டடப் பொருள்களுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. பலர் வார இறுதிகளில் தம் கையாலேயே வீடு கட்டினர். அவர்களுக்குத் தேவைப்பட்டது வரைபடமும் செலவுக் கணக்கும் செய்முறை விளக்கமுமே. 1947 இல் விக்டோரியக் கட்டடக்கலைஞர் கழகமும் 'தி ஏஜ்' நாளிதழும் இணைந்து 'சிறுவீட்டுச் சேவை' என்னும் திட்டத்தைத் தொடங்கின. ரொபின் பொயிட் அதன் இயக்குநரானார். தேர்ந்த கட்டடக்கலைஞர் வரைந்த வீட்டு வரைபடம் ஐந்து பவுணுக்குக் கிடைத்தது. நாளிதழில் பொயிட் எழுதிய பத்தி வாரந்தோறும் வாசகரோடு வாதிட்டது: வாழறை ஏன் வடக்கு நோக்கவேண்டும், சிறிய மனையில் நடைபாதைகளை எவ்வாறு குறைப்பது, தெருமுகப்பின் ஒப்பனைக்குச் செலவிடும் பணம் எங்கிருந்து பிடுங்கப்படுகிறது என்றவாறு.

வரைபடத்தை வெளியிடும் ஏடு வாசகரை வேறொரு வகையில் நடத்துகிறது. நிழற்படம் வியக்கச் சொல்கிறது. வரைபடம் சரிபார்க்கச் சொல்கிறது. குசினிக்கும் உணவறைக்கும் எத்தனை அடி, காலை வெயில் எந்தச் சன்னலில் விழும், முதியவர் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குச் செல்ல எத்தனை படி என்பவற்றை வாசகர் தாமே கணிக்கலாம். அந்தக் கணிப்பே வீட்டைப் பற்றிய பொதுமக்கள் திறனாய்வின் அடிப்படை.

தேய்வின் இயல்பு

அச்சு இதழ்களின் சரிவுக்கு விளம்பரம் இணையத்துக்கு இடம்பெயர்ந்தமையே முதற்காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். அது மெய்யே. 2012 இல் ஜெர்மனியின் பவர் நிறுவனம் அவுஸ்திரேலியாவின் ஏசிபி இதழ்க் குழுமத்தை வாங்கியது. 2020 இல் அது போட்டிக் குழுமமான பசிபிக் மகசின்ஸையும் சேர்த்துக்கொண்டு, சில வாரங்களிலேயே முழுவதையும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று வெளியேறியது. புதிய நிறுவனம் 'ஆர் மீடியா' என்று பெயர்பெற்றது. அவ்வாண்டு யூலையில் எட்டு இதழ்கள் மூடப்பட்டன. வீட்டு இதழ்கள் பிழைத்தன. ஆயின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று போட்டியிட்ட 'ஹோம் பியூட்டிஃபுல்', 'ஹவுஸ் அண்ட் கார்டன்' ஆகிய இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில், 1951 முதல் வெளிவந்த தன் அச்சு விலைப்பட்டியலை நிறுத்துவதாக ஐக்கியா அறிவித்தது. 2016 இல் அது 20 கோடிப் பிரதிகள் அச்சிடப்பட்டிருந்தது.

எனினும் பிரதிகளின் எண்ணிக்கை குறையும் முன்பே உள்ளடக்கம் மெலிந்துவிட்டது. பொருள் தட்டுப்பாடு நீங்கி, வரைபடத்தோடு ஆயத்த வீடுகளை விற்கும் கட்டட நிறுவனங்கள் பெருகியபோது, வரைபடம் இதழிலிருந்து மாதிரி வீட்டுக் கிராமங்களின் விற்பனைத் துண்டறிக்கைக்குப் பெயர்ந்தது. இதழில் எஞ்சியது அலங்காரம். கட்டடக்கலைஞரின் வரைபடங்களோடு வீடுகளை ஆராயும் 'ஹவுசஸ்' போன்ற இதழ்கள் தொடர்கின்றன. அவற்றின் வாசகர் வட்டம் துறைசார்ந்தது. 1952 முதல் 1971 வரை மெல்பேண் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறை வெளியிட்ட 'குரொஸ்-செக்‌ஷன்' என்னும் சிற்றேட்டில் கட்டடங்களைப் பெயர்சுட்டிப் பாராட்டவும் கடியவும் இருந்த துணிவை இன்றைய வெகுசன வீட்டு இதழில் காண்பது கடினம்.

பொயிட்டின் கணிப்பு

'தி அவுஸ்திரேலியன் அக்லினெஸ்' என்னும் 1960 ஆம் ஆண்டு நூலில் பொயிட் 'ஃபீச்சரிசம்' என்றொரு கலைச்சொல்லை வழங்கினார். தமிழில் அதைக் 'கூறுமோகம்' எனலாம். முழுமையின் இயல்பைப் பின்தள்ளித் தேர்ந்தெடுத்த தனிக்கூறுகளை முனைப்புறுத்துவது அதன் இலக்கணம். ஒரு கல்முகப்பு, ஒரு வண்ணச் சுவர், ஒரு வளைவு என ஒவ்வொன்றும் கண்ணைக் கவரும். வீடு என்ற ஒன்று உருவாகாது.

இன்றைய கைபேசித் திரையில் வீடு தோன்றும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. ஒரு சமையல் மேடை, ஒரு குளியல் தொட்டி, ஒரு விளக்கு என்று சதுரங்களாக நறுக்கப்பட்ட கூறுகள் இடையறாது ஓடுகின்றன. அவை எந்த வீட்டின் பகுதிகள், அவ்வீடு எத்திசை நோக்கியது, என்ன செலவாயிற்று என்பன தெரிவதில்லை. பொயிட் ஒரு நோயாகக் கண்டதை இன்றைய ஊடகம் தன் வடிவமாகவே கொண்டுவிட்டது.

தமிழ் மரபில் இதற்கு எதிரான முறைமை ஒன்று உண்டு. நெடுநல்வாடையில் அரண்மனையின் வருணனை அளவிலிருந்து தொடங்குகிறது. நூலறிந்தோர் கோல்நிழலால் திசை குறித்து, கயிறிட்டு இடத்தை வகுக்கின்றனர். பின்னரே வாயிலும் முன்றிலும், இறுதியில் கட்டிலும் வருகின்றன. முழுமையை முதலில் நிறுவி அலங்காரத்தை அதனுள் வைக்கும் இவ்வொழுங்கு, வீட்டைப் பற்றி எழுதுவதற்கான ஓர் அளவுகோலாகவும் கொள்ளத்தக்கது.

இதழ்களில் இடம்பெறாத இல்லம்

சஞ்சிகைகளின் பொற்காலத்தை மிகைப்படுத்துவது தவறு. அவை கற்பித்த இல்லத்தலைவர் பிரித்தானிய வழிவந்தவர். இல்லத்தலைவி குசினியில் நின்றார். 1901 இன் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உருவாக்கிய வெள்ளை அவுஸ்திரேலியாவே அவற்றின் வாசகர் உலகம். வியன்னாவில் பிறந்த ஹரி சைட்லர் தம் பெற்றோருக்காக சிட்னியின் வருங்காவில் 1950 இல் முடித்த வீடு, அடுத்த ஆண்டு சல்மன் விருதைப் பெற்றது. நவீனத்துவத்தின் மொழியில் பேசிய குடியேறியவருக்குக் கதவு திறந்தது. தூண்களும் சீமெந்து முற்றமும் வைத்துக் கட்டிய இத்தாலியரும் கிரேக்கரும் நகைப்புக்கே உள்ளாயினர். அவ்வீடுகளைக் கல்விப்புலம் மதிக்கத் தொடங்கியது மிகப் பின்னரே. மிர்யானா லொசனோவ்ஸ்காவின் 2019 ஆம் ஆண்டு நூல் அத்தகைய முயற்சி.

1983 க்குப் பின் பெருமளவில் வந்த ஈழத்தமிழரும், அண்மைய பத்தாண்டுகளில் வந்த தமிழகத்தவரும் இவ்வரிசையில் அடுத்தவர். 2021 குடிசன மதிப்பீட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 க்கு மேற்பட்டனர். வென்ட்வேர்த்வில், துங்காபி, டண்டினொங் போன்ற புறநகர்களில் அவர்கள் ஆயத்த வீட்டை உள்ளிருந்து மாற்றியிருக்கின்றனர். படிப்பறை சாமியறையாகிறது, தாளிப்பு மணம் தங்காதிருக்க இரண்டாவது குசினி எழுகிறது, பெற்றோருக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை ஒதுக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறிய சங்கடப்படலையும் மட்டும் இடம்பெறவில்லை. வேலிக்கும் தெருவுக்கும் இடையே அயலவருக்கென இருந்த இடம், வாகனத் தரிப்பிடக் கதவாயிற்று.

இவற்றுள் திறனாய்வுக்குரிய வினாக்கள் பல. வாஸ்து விதிகள் வடகோளத்தில் உருவானவை. தென்கோளத்தில் நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்கும். மெல்பேணின் குளிர்காலத்தில் வடவெயிலை வாழறைக்கு விடுவதா, விதியை விடாது பேணுவதா என்பதைக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தனியே தீர்த்துக்கொள்கின்றன. பொயிட்டின் பத்தியைப் போன்ற ஒன்று தமிழில் இருந்திருப்பின் அது பொதுவிவாதமாகியிருக்கும். 'அக்கினிக்குஞ்சு', 'கலப்பை', 'உதயம்' எனத் தமிழரிடையே தோன்றிய அச்சிதழ்கள் இலக்கியத்துக்கும் சமூகச் செய்திக்கும் முதன்மை தந்தன, அது இயல்பே. ஆங்கில வீட்டு இதழ்களோ இவ்வீடுகளைக் காணவில்லை. காணத் தொடங்கியிருக்கக்கூடிய காலத்தில் அவையே தேய்ந்துவிட்டன.

முடிவுரை

அச்சிதழ் நூலகத்தில் நிற்கும் ஆவணமுமாகும். அவுஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் இன்று 'தி ஹோம்' இதழையும், 1933 முதல் 1982 வரையான 'விமென்ஸ் வீக்லி' இதழையும் பக்கம்பக்கமாகப் புரட்டலாம். சட்டவழி வைப்பு முறை 2016 முதல் மின்வெளியீடுகளுக்கும் விரிந்தது. எனினும் கைபேசித் திரையில் ஓடி மறையும் கூறுபடங்கள் அதன் வலையில் முழுமையாகச் சிக்கா. 1950 இன் மெல்பேண் வீட்டைப் பற்றி ஆய்வாளர் அறியக்கூடிய அளவு, 2020 இன் தமிழர் வீட்டைப் பற்றி வருங்கால ஆய்வாளர் அறிவாரா என்பது ஐயமே.

இக்குறையை நிரப்பும் பொறுப்பு தமிழாய்வுக்கு உண்டு. முதற்படி எளிது: உரிமையாளரின் இசைவோடு, பெயர்நீக்கி, தமிழர் வீடுகளின் வரைபடங்களையும் மாற்றங்களுக்கான காரணங்களையும் அவர்கள் வாய்மொழியாகவே திரட்டி, 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் வைப்பது. முதலில் கட்டியவர்களும் மாற்றியமைத்தவர்களும் இப்போது முதுமையில் உள்ளனர். பல வீடுகள் விற்கப்பட்டு இடிக்கப்படுகின்றன. நிழற்படங்களை எவரும் எடுப்பர். எந்தச் சுவர் ஏன் இடிக்கப்பட்டது என்பதை அவர்களே சொல்லமுடியும்.