பெயருள்ள கல்லும் பெயரற்ற முகமும்

பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில் அமைந்துள்ளது பாகான் டாலாம். அவ்வூரைச் சார்ந்த ஒளிப்படக்கலை மாணவர் ஒருவர் தாம் போற்றும் கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதிய குறிப்புகள் நம் பார்வைக்கு வந்தன. ஒளிப்படத்தைத் திறனாயும் எழுத்து தமிழில் அருகியே காணப்படுவதால், இம்முயற்சி வரவேற்கத்தக்கது. எனினும், வியப்பு எவ்விடத்தில் வினாவாக மாறவேண்டும் என்பதே நாம் ஈண்டுக் கருத விழைவது.

மாணவர் முதலிடம் தருவது கார்த்தியே பிரெசோனுக்கு. இது எதிர்பார்க்கத்தக்கதே. 1950 ஏப்ரலில் இரமணரின் இறுதி நாள்களில் திருவண்ணாமலையிலும், அம்மாதத்திலேயே அரவிந்தரைப் படமெடுக்கப் புதுச்சேரியிலும் அவர் இருந்தமையைச் சுட்டியிருப்பின், தமிழ் வாசகர்க்கு நல்ல நுழைவாயில் கிட்டியிருக்கும்.

குறிப்புகளில் உயிர்ப்புடன் விளங்கும் பகுதி லின்னேயஸ் டிரைப் பற்றியதாகும். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட இப்படை அதிகாரி, 1857 இறுதியில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களை மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களில் பதிந்தார். அவருடைய வானத்தின் அழகில் மாணவர் மனம் பறிகொடுக்கிறார். அம்மேகங்களுட் பல நெகட்டிவின்மீது கையால் வண்ணம் தீட்டித் திருத்தப்பட்டவை என்பதை அவர் அறிந்திருந்தால் தம் வியப்பைச் சற்றே வேறிடத்தில் வைத்திருப்பார்.

வைக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஹுல்ட்ஸ் அக்கோயிற் கல்வெட்டுகளைப் பதிப்பித்து 1891 முதல் வெளியிடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட முயற்சி இது. காட்சியின்பத்துக்காக அன்றி, எழுத்தைக் காப்பதற்காக எடுக்கப்பட்ட படம். ஒரு வரியும் விடுபடலாகாது என்னும் கவனமே இங்குக் கலையாகிறது. செலவைக் காரணங்காட்டி அரசு சில ஆண்டுகளிலேயே அப்பணியை நிறுத்திற்று என்பது தனிக்கதை.

கல்லுக்குக் கிட்டிய இக்கவனம் மனிதர்க்குக் கிட்டிற்றா? மாணவர் அடுத்துப் போற்றும் லாம்பர்ட் நிறுவனத்தை இவ்வினாவோடு அணுகுதல் வேண்டும். 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் பினாங்கையும் படமெடுத்தது. அக்காலத் தீபகற்ப ஒளிப்படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம் முன்னோர் பெரும்பாலும் 'கிளிங்' போன்ற இனப்பெயர்களாலேயே குறிக்கப்பட்டனர். தெளிவான ஒளி, நேரான பார்வை, கழுத்தணியின் ஒவ்வொரு மணியும் துலங்கும் நுட்பம் யாவும் உள. பெயர் மட்டும் இல்லை. மாணவர் ஒளியைப் பாராட்டி மேலே சென்றுவிடுகிறார். அங்கே அவர் நின்றிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒப்புநோக்கத் தஞ்சைக்கே மீள்வோம். அப்பெரிய கோயிலின் திருச்சுற்றில் இராசராசன் பொறிப்பித்த மற்றொரு கல்வெட்டு, பணிக்குக் கொணரப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரைப் பெயர், முன்பிருந்த ஊர், குடியேறிய தெரு, வீட்டின் வரிசை எனத் தனித்தனியே குறிக்கிறது. ஆண்டுக்கு நூறு கலம் நெல் பெற்ற அப்பெண்டிரின் முகம் நமக்குத் தெரியாது; பெயர் தெரியும். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னர் வந்த கேமராவோ முகத்தைத் தந்து பெயரை விட்டுவிட்டது. அரசனின் கணக்கேடும் அதிகாரத்தின் பதிவே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நெல் அளப்பதற்கு ஆளின் பெயர் வேண்டியிருந்தது; அஞ்சலட்டை விற்பதற்கு அது வேண்டியிருக்கவில்லை.

குறிப்புகளின் இறுதியில் மாணவர் தாம் பாகான் டாலாமில் எடுத்த ஆறு படங்களை இணைத்துள்ளார். மூன்றாவது படம், சாளரத்தருகே அமர்ந்த முதியவரின் கைகளைக் காட்டுவது, பெரிதும் பாராட்டத்தக்கது. டிரைப், லாம்பர்ட், பிரெசோன் ஆகியோரின் பெயர்களைப் பிழையறத் தந்துள்ள அவர், அப்படத்தின்கீழ் 'முன்னாள் துறைமுகத் தொழிலாளி' என்று மட்டும் எழுதியுள்ளார். அம்முதியவர் இசைந்தால், மறுபதிப்பில் அவர் பெயரும் இடம்பெறல் வேண்டும்.