கை சோர்ந்த இடம்

ஆடி பிறந்துவிட்டால் புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கரையில் கடல் வேலை குறைந்துவிடும். தென்மேற்குக் காற்று கடலைப் புரட்டிப் போட, கரைவலைத் தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கும். உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு நாள் எண்ணத் தொடங்குவார்கள். பாரதம் படிக்கிறவர்களும் அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்கிறவர்களும் தொண்டையைப் பற்றிக் கவலைப்படுவது அப்போதுதான்.

இந்த மலரின் குழுவினர் இக்கட்டுரையாளரிடம் கேட்டது, படிப்பு மரபின் வழிகளையும் அவற்றின் தரத்தையும் பற்றி எழுதித் தரும்படி. எந்த வழி எந்த ஆசானிடமிருந்து வந்தது என்பதைச் சபையின் மூத்தோருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வியில் அவ்வழிகளை உரசிப் பார்க்கலாம். குற்றமற்றவள் ஒருத்தியைக் கூந்தலைப் பற்றி அரசவை நடுவே இழுத்து வருகிறார்கள். அன்பே வடிவான கண்ணன் அதை ஏன் நடக்கவிட்டான்?

வியாசர் ஆரணிய பருவத்தில் கண்ணன் வாயாலேயே ஒரு காரணம் சொல்ல வைக்கிறார். சாளுவனோடு போரில் இருந்ததால் வர முடியவில்லை, அருகில் இருந்திருந்தால் சூதையே தடுத்திருப்பேன் என்கிறான். எல்லாம் அறிந்தவனுக்கு இது ஒரு காரணமா என்று கேட்காத தலைமுறை இல்லை.

யாழ்ப்பாணத்து வழி இதைக் கந்தபுராணத்தின் பக்கம் கொண்டுபோய்ப் பதில் சொல்லும். ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து ஊன்றிய புராண படனம் அது. அதைச் சுற்றி அமைந்த வாழ்வுக்குக் கந்தபுராண கலாசாரம் என்று பெயர் சூட்டியவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. சூரபன்மன் அழிக்கப்படவில்லை, மயிலும் சேவலுமாக ஆட்கொள்ளப்பட்டான். தண்டனையும் மறக்கருணை என்பது அவர்கள் விளக்கம். சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அடித்துத் திருத்துவதும் அன்பே என்று சிவஞான சித்தியார் காட்டும் உவமை அதற்குத் துணை. சூரனுக்கு அது பொருந்தும். ஆனால் திரௌபதை எந்தச் சொல்லைக் கேளாத பிள்ளை?

செஞ்சிப் பக்கத்துத் திரௌபதை கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்ல, இரவில் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அங்கே விளக்கத்தைவிட அழுகைக்குத்தான் இடம் அதிகம். அது குறையல்ல.

வைணவ ஆசாரியர்கள் நின்று பேசிய இடம் வேறு. திரௌபதை நீராடித் தூய்மையாகிச் சரணடையவில்லை என்பதைப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் எடுத்துக்காட்டினார். சரணாகதிக்கு முன்தகுதி தேவையில்லை என்பது அவர் கருத்து. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா என்று தென்கலையாரும் வடகலையாரும் வழக்காடிய வழக்கு, இந்தக் கரையில் ஓர் ஒற்றைத் துகிலுக்குள் அடங்கிவிடுகிறது. அவள் ஆடையைப் பற்றியிருந்தாளா, விட்டாளா?

இங்கேதான் இக்கட்டுரையாளரின் ஆசானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பாததால் இந்த மலரிலும் அது இல்லை. கரைவலை இழுத்த கை அது. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு உண்டு. அந்தக் கையால்தான் வில்லிபாரதத்தைப் புரட்டுவார். வில்லிபுத்தூரார் பாடிய பத்துப் பருவங்கள், 4,300க்கு மேற்பட்ட விருத்தங்கள். துகிலுரியும் இடத்தில் மட்டும் அவர் ஒரே பாட்டை மூன்று முறை படிப்பார். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது, துகிலைப் பற்றிய கை சோர்ந்தது, உடல் சோர்ந்தது என்று வில்லி எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டிருப்பதைக் காட்டுவார். "கண்ணீரை அவ வேணுமெண்டு விட்டாவோ? கூந்தலை வேணுமெண்டு அவிழ்த்தாவோ? அப்ப கையை மட்டும் ஏன் வேணுமெண்டு விட்டா எண்டு சொல்லுறியள்?" என்று கேட்பார். கயிறு இழுத்து இழுத்து ஒரு கட்டத்தில் விரல் தானாகவே விரிந்துவிடும் என்பது வலைக்காரருக்குத் தெரியும். அவர் சொன்ன சோர்வு அது.

இதை அவர் இவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. இரண்டு கையையும் தூக்கினாள், அதனால் கடவுள் வந்தார்; அதுவரை தன் கையை நம்பினாள், அதனால் வரவில்லை என்று பயன் சொல்வது எளிது. கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு, தாமதத்தின் பழியைத் துகிலுரியப்பட்டவள் தலையில் போட்டுவிடுகிறது.

அவருடைய பதில் வியாசரின் உத்தியோக பருவத்தில் இருந்தது. தூரத்திலிருந்து அவள் கோவிந்தா என்று கூப்பிட்டது வட்டி ஏறிய கடனாகத் தன் நெஞ்சில் கிடக்கிறது என்று கண்ணன் சொல்லும் இடம். வலை முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி வருடக் கணக்கில் கழிக்கிற ஊரில் கடன் என்ற சொல்லுக்கு உரை வேண்டாம். கடவுள் கடன்பட்டவனாக நிற்கிறான் என்று சொல்லி அவர் புத்தகத்தை மூடிவிடுவார். கடன் தீர்ந்தது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில், இதே கரையின் தெற்கே கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுவதும் அன்று 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆடியில் சௌப்திக பருவம் வந்த இரவை இக்கட்டுரையாளர் மறக்கவில்லை. போர் முடிந்த இரவு. கண்ணன் பாண்டவர் ஐவரையும் பாசறையிலிருந்து வேறிடம் அழைத்துப் போகிறான். தூங்கிக்கொண்டிருந்த திரௌபதையின் பிள்ளைகள் ஐவரையும் அசுவத்தாமன் கொல்கிறான். படிப்பு நின்றதும், மணலில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவப் பெண் ஒருவர், சிலாபப் பக்கத்தில் மீன் விற்பவர், எழுந்து கேட்டார்: "அண்ணாவி, பெரியவங்க அஞ்சு பேரையும் கூட்டிக்கொண்டு போனவர், பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு போகல்ல?"

ஆசான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதைத்தான் மகள், காந்தாரியும் கேட்டா" என்றார். வில்லி சௌப்திகத்தோடு நிறுத்திக்கொண்டவர். மறுநாள் ஆசான் பதினெட்டுப் பருவமும் பாடிய நல்லாப்பிள்ளையின் பாரதத்தோடு வந்து, தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருந்தாயே என்று காந்தாரி கண்ணனைச் சபிக்கும் கதையைச் சொன்னார். தவறு உன் மீதும் உண்டு என்று கண்ணன் அவளிடம் சொல்வதையும் மறைக்கவில்லை. ஆனால் சாபத்தை அவன் தள்ளவில்லை, தன் குலம் அழியும் என்பதை ஏற்றுக்கொண்டான் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இயேசுவின் பாடுகளைப் புலம்பும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவருக்கு, பிள்ளையை மடியில் கிடத்திய தாயின் கேள்வி புதிதல்ல. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, அவர்களும் அய்யூப் நபியின் பொறுமையைப் பேசிக்கொண்டே அதே கேள்வியோடுதான் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள்.

இனிச் சொல்வது யாரையும் சுட்டியதல்ல. இன்று பயன் சொல்லும் இளையவர்களில் நல்ல குரலும் நல்ல மனமும் உள்ளவர்கள் பலர். ஆனாலும் சௌப்திக இரவு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஐந்து பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறார்கள். தருமம் வென்றது என்று சொல்லி மங்களம் பாடிவிடுகிறார்கள். பந்தல் ஓரத்தில் பிள்ளையை இழந்த தாய் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லாம் முன்வினை, எல்லாம் நன்மைக்கே என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு தாழ்ந்த குரலே இல்லாமல் போயிற்று. காந்தாரியும் கத்துகிறாள், கண்ணனும் கத்துகிறான். ழகரம் போயிற்று, சந்தி போயிற்று. விருத்தத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படிக்கிறார்கள்; நடுவில் அழைப்பு வந்தால் திரௌபதை காத்திருக்கிறாள். உபயகாரர் பெயர்ப்பட்டியல் வாசிக்க அரை மணி கிடைக்கிறது, அபிமன்னனுக்குக் கால் மணி கிடைப்பதில்லை. சினிமா மெட்டில் பாடினால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்கிறார்கள். அரவானைக் களப்பலியாகக் கேட்டவனும் கண்ணனே என்பதைச் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அதையும் விட்டுவிடுகிறார்கள். இப்படியே போனால் தீமிதிக்கிறவர் எந்தத் தீயை மிதிக்கிறார் என்று தெரியாமலே மிதிப்பார். இதைச் சபையின் பெரியவர்கள் அறியாமல் இல்லை. கூட்டத்தைப் பகைக்க வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் பொறுத்திருக்கிறார்கள்.

ஆசானின் வில்லிபாரதம் இப்போது இக்கட்டுரையாளரிடம் இருக்கிறது. அட்டை இல்லை, உப்புக்காற்றில் தாள் பழுத்துவிட்டது. பிள்ளைகள் கொல்லப்படும் பாட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘பயன் சொல்லாதே’ என்று இரண்டு சொற்கள். இவ்வாண்டு அந்த இரவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கும்படி சபையிடம் கேட்கப்பட்டிருக்கிறது. நல்லாப்பிள்ளைக்கும் பைண்டு போட்டாயிற்று.